கறுப்பன் நின்ற இடம்

ஜூன் 9, திங்கள்

நாய் ஒன்று வளர்க்கப் போகிறேன். முடிவு செய்தாகிவிட்டது. யாராவது ஏனென்று கேட்டால், தனியாக இருக்கிற பொம்பளை, காவலுக்கு வேண்டாமா என்று வாயை அடைத்துவிடலாம்.

நிஜக் காரணத்தை இங்கே மட்டும் எழுதுகிறேன். வைகாசி பிறந்ததிலிருந்து கூடத்துப் பிரம்பு நாற்காலியில் ஒருத்தி வந்து உட்காருகிறாள். மஞ்சள் பட்டுச்சேலை, அரக்குக் கரை, கரை நெடுகக் கோபுரம் கோபுரமாய்ச் சரிகை. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு வருவாள். முதல் நாள், "யாரது? கேட்காம கொள்ளாம உள்ள வந்து உக்காந்துக்கறது?" என்று அதட்டினேன். முப்பது வருஷம் பெண்கள் மேல்நிலைப் பள்ளி மைதானத்தில் விசில் ஊதிய பி.டி. டீச்சர் நான். கமலவேணி டீச்சரின் அதட்டலுக்குத் திரும்பாத கழுத்து பொள்ளாச்சியில் கிடையாது. இவள் திரும்பவில்லை. கிட்டே போய் நாற்காலியில் கையை வைத்தேன். வெறும் பிரம்பு.

இதில் எனக்குக் குலை நடுங்குவது எதனால் என்றால், கூடத்தில் வேறெதுவும் அவ்வளவு துலக்கமாக இல்லை. புது பல்பு மாட்டியும் வீடே அழுக்குத் தண்ணீருக்குள் கிடக்கிறது. இந்தக் கரண்டுக்காரர்கள் என்னத்தைத்தான் அனுப்புகிறார்களோ. ஆனால் அவள் சேலைக் கரையின் கோபுரங்களைக் கேட்டால் நான் எண்ணிச் சொல்லிவிடுவேன்.

நாய்க்குத் தெரியும் என்பார்கள். நம் கண்ணுக்குப் படாதது அதன் கண்ணுக்குப் படும், அதனால்தான் ஊளையிடுகிறது என்று எங்கள் பக்கம் சொல்லாதவர் இல்லை. எனக்கு ஒரு சாட்சி வேண்டும். நாய் குரைத்தால் அவள் இருக்கிறாள். பூசாரியைக் கூப்பிட்டுத் தாட்டிவிடலாம். குரைக்காவிட்டால் கோளாறு என் தலையில்.

சின்னம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. அம்மாவின் தங்கை. வயதான காலத்தில் ஆளில்லாத இடத்தைப் பார்த்து "வா, உக்காரு" என்பாள். வேப்பிலை அடித்துப் பார்த்தார்கள், கயிறு மந்திரித்துக் கட்டிப் பார்த்தார்கள், கடைசியில் பின்கட்டு அறையில் விட்டுப் பூட்டிவிட்டார்கள். சாகிற வரை அங்கேதான் இருந்தாள்.

அதனால்தான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஜூன் 12, வியாழன்

கோயமுத்தூர் ரோட்டில் கைவிடப்பட்ட நாய்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. பக்கத்து வீட்டு ஜோதிமணி ஆட்டோ பேசிக் கூட்டிப்போனாள். வாய் ஓயாது, மனசு தங்கம். அங்கே பொறுப்பில் இருக்கும் பெண் பெயர் ரோஸ்லின். குட்டி கேட்டேன். தர மாட்டாளாம்.

"உங்க வயசுக்குக் குட்டி வேண்டாம் டீச்சர். அது இன்னும் பதினஞ்சு வருஷம் இருக்கும். அதனால..." என்று இழுத்தாள்.

"அது இருக்கும், நான் இருக்க மாட்டேன். நேராச் சொல்லிட்டுப் போயேன்."

நாங்கள் பேசுவது எங்களுக்கே கேட்காதபடி அத்தனை நாய்களும் குரைத்துக்கொண்டிருந்தன. எனக்குப் பொறுக்கவில்லை. "ஏய்! சைலன்ஸ்!" என்று மைதானக் குரலில் ஒரு சத்தம் போட்டேன். கப்சிப். ரோஸ்லினும் வாயை மூடிக்கொண்டாள். அந்த அமைதியில் ஏதோ ஒன்று மூலையிலிருந்து எழுந்து, ஒரு காலை இழுத்து இழுத்து, நேராக என்னிடம் வந்து என் செருப்பின் மேல் தாடையை வைத்துக்கொண்டது.

"அதிசயமா இருக்கு டீச்சர். இவன் யார்கிட்டயும் போக மாட்டான்" என்றாள் ரோஸ்லின். "பதினோரு வயசுக்கு மேல இருக்கும். இடுப்பு சரியில்ல. ரெண்டு கண்ணும் சுத்தமாத் தெரியாது, உள்ளுக்குள்ள அழுத்த நோய். தினம் சொட்டு மருந்து விடணும், இல்லேன்னா வலி தாங்க மாட்டான். வீட்டை வித்துட்டுப் போனவங்க கேட்டுலயே கட்டிப்போட்டுட்டுப் போயிட்டாங்க."

சாட்சி தேடிப் போன இடத்தில் எனக்குக் குருட்டுச் சாட்சி. இதென்னடா கெரகம் என்று காலை உருவப் பார்த்தேன். அந்தத் தாடை கனமாக அப்படியே கிடந்தது. வீட்டை விற்றுவிட்டுக் கட்டிப்போட்டுப் போய்விட்டார்களாம். மனுஷ ஜென்மங்களா அவர்கள்?

கையெழுத்துப் போட்டுக் கூட்டி வந்துவிட்டேன்.

"பேரு என்ன வைக்கப் போறீங்க?" என்று ரோஸ்லின் கேட்டாள்.

"வேறென்ன? கறுப்பன்தான்."

அவளும் ஜோதிமணியும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆட்டோ வீடு வந்து சேரும்வரை ஜோதிமணி, "நல்லா வெச்சீங்க போங்க டீச்சர், கறுப்பனாமா!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறதென்று எனக்குப் புரியவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

ரோஸ்லின் சொன்ன சட்டதிட்டங்கள்: வீட்டில் எதையும் இடம் மாற்றக் கூடாது. தொடும் முன் குரல் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் வேறு வேறு விதமான விரிப்புப் போட வேண்டும். காலில் படுவதை வைத்து இடம் தெரிந்துகொள்வானாம். நம் ஊரில் தேங்காய் நாருக்கா பஞ்சம்? முன்வாசலுக்கு நார் மிதியடி, சமையலறைக்குச் சாக்கு, படுக்கை அறைக்குக் கோரைப்பாய்த் துண்டு, பின்வாசல் படிக்கு ரப்பர். பின்வாசலிலிருந்து குளியலறை வரை, இடுப்பு உயரத்தில், நார்க் கயிறும் கட்டிவிட்டேன்.

ஜோதிமணி மதில் மேல் எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஏனுங் டீச்சர், மிதியடி சரி. கயிறு எதுக்குங்க? கறுப்பன் கயித்தப் புடிச்சுட்டா நடப்பான்?"

"உனக்கு அடுப்புல வேலை இல்லையா?" என்றேன். போய்விட்டாள்.

ஜூன் 16, திங்கள்

இன்று மத்தியானம் மஞ்சள் சேலைக்காரி வந்தாள். நாற்காலியில் இல்லை, நடுக்கூடத்தில், தரையில், காலை மடித்து உட்கார்ந்திருந்தாள். முகம் வழக்கம்போல அந்தப் பக்கம். கறுப்பன் படுக்கை அறைக் கோரைப்பாயில் கிடந்தான். கண் தெரியாவிட்டால் என்ன, மூக்கு இருக்கிறது, காது இருக்கிறது, இதற்கெல்லாம் வேறு ஏதோ புலன் என்கிறார்களே என்று நினைத்து, "கறுப்பா, வாடா" என்றேன்.

எழுந்தான். வந்தான். நேராக அவள் மடி மேலேயே வந்தான். சரிகைக் கோபுரங்களுக்குள் அவன் தலை போனது, முதுகு போனது, வால் போனது. இந்தப் பக்கம் வந்து என் முழங்காலை நக்கினான். அவள் அசையவில்லை. சேலை மடிப்புக்கூடக் கலையவில்லை.

குரைக்கவில்லை. முடி சிலிர்க்கவில்லை.

அப்படியானால் என் தலையில்தான்.

ஜூன் 17, செவ்வாய்

எழுதப் பிடிக்கவில்லை. இந்த வருஷத்து டைரியில் கோடுகளையும் வெளிறிப்போய் அச்சடித்திருக்கிறார்கள். தடிமனான ஸ்கெட்ச் பேனா வாங்க வேண்டும்.

ஜூன் 22, ஞாயிறு

மகள் சுகந்தி பூனாவிலிருந்து பேசினாள். நாய் விஷயத்தை ஜோதிமணி ஊதிவிட்டிருக்கிறாள்.

"ஏம்மா, உன்னையவே நீ பாத்துக்க முடியாம இருக்கற. இதுல ஒரு கெழட்டு நாய் வேறயா? பேசாம இங்க வந்துரு. வீட்டைக் குடுத்தறலாம்."

"நாய்?"

"எங்க அப்பார்ட்மென்ட்ல நாய்க்கு விட மாட்டாங்கம்மா. வந்த இடத்துக்கே திருப்பிக் குடுத்துரு."

"உன்னை வேணும்னா திருப்பிக் குடுக்கறேன்" என்று வைத்துவிட்டேன்.

நல்ல பிள்ளைதான். ஆனால் இந்த வீட்டில் எனக்கு இருட்டிலும் வழி தெரியும். பூனாவில் கதவு எந்தப் பக்கம் என்று தெரியாது. அங்கே போய் நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நான் வாய்தவறிச் சொல்லிவிட்டால்? அவர்கள் வீட்டிலும் ஒரு பின்கட்டு அறை இருக்கும். நான் போனால் இவன் மறுபடி அந்த மூலைக்குப் போவான். இரண்டும் நடக்க விட மாட்டேன்.

ஜூலை 3, வியாழன்

கறுப்பன் குறட்டை விடுகிறான். எங்கள் பழைய தலைமையாசிரியை ஞாபகம் வருகிறது.

ஜூலை 5, சனி

சொட்டு மருந்து விடுவதில் இப்போது நான் கில்லாடி. முதலில் அவன் கன்னத்தில் பாதி, என் கையில் பாதி. இப்போது இடது கைக் கட்டைவிரலால் அவன் கண்ணுக்கு மேல் எலும்பைத் தொட்டுக்கொண்டு, அங்கிருந்து கணக்காக விடுகிறேன். அவன் மூச்சுக்கூட விடாமல் நிற்பான்.

பேப்பரை நிறுத்திவிட்டேன். இப்போதெல்லாம் செய்தி என்ன வருகிறது, குப்பை.

ஜூலை 19, சனி

ஆடிக் காத்து. தென்னை மரமெல்லாம் தலைவிரித்து ஆடுகிறது. பின்மதில் மேல் இன்று ஜாண் உயர மனிதர்கள் வரிசையாக நடந்து போனார்கள். தலைப்பாகை, வெள்ளை வேட்டி. ஒருத்தன்கூட என்னைப் பார்க்கவில்லை. இவ்வளவு காற்றில் ஒரு வேட்டிகூடப் பறக்கவில்லை. அதைப் பார்த்ததும்தான் இவர்களும் அவள் வகை என்று தெரிந்தது. துணியை எடுக்காமல் உள்ளே ஓடி வந்துவிட்டேன். கறுப்பன் அதே மதிலடியில் காலைத் தூக்கி ஒன்றுக்குப் போய்விட்டு நிதானமாக வந்தான்.

ஜூலை 26, சனி

ரோஸ்லின் பார்க்க வந்தாள். கறுப்பன் எடை கூடியிருக்கிறானாம், வலி குறைந்திருக்கிறதாம். வீட்டைச் சுற்றி வந்தவள் கயிற்றைப் பிடித்துப் பார்த்தாள். "டீச்சர், நீங்க கண் டாக்டரை எப்பப் பாத்தீங்க?" என்று கேட்டாள். வந்தோமா, நாயைப் பார்த்தோமா, போனோமா என்று இருக்க வேண்டும். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். காபியில் உப்பு போட்டுவிட்டேன் என்று பிறகு நான் குடிக்கும்போதுதான் தெரிந்தது. பாவம், குடித்துவிட்டுத்தான் போயிருக்கிறாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

இதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

காலையில் எங்கோ மைக்கில் தேசியகீதம் கேட்டது. பழக்கதோஷம், விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பின்வாசலுக்குப் போனேன். தோட்டம் நிறையப் பிள்ளைகள். வெள்ளைச் சட்டை, நீலப் பாவாடை, ரெட்டைச் சடை, சிவப்பு ரிப்பன். வரிசை வரிசையாக அணிவகுத்து, கிணற்றடியிலிருந்து மதில் வரை. ஒவ்வொரு ரிப்பன் முடிச்சும் தெரிந்தது. மதில் தெரியவில்லை, கிணறு தெரியவில்லை, பிள்ளைகள் மட்டும் தெரிந்தார்கள். எல்லோர் முகமும் ஒரே முகம். அந்த முகத்தை நான் எந்த வகுப்பிலும் பார்த்ததில்லை.

கிணறு எங்கே இருக்கிறதென்று எனக்குக் குழம்பிவிட்டது. கயிற்றை விட்டுவிட்டு நாலு எட்டு வந்திருந்தேன். முன்னே வைப்பதா, பின்னே வைப்பதா என்று தெரியாமல் காலைத் தூக்கியபடி நின்றேன். "ஸ்டாண்ட் அட் ஈஸ்" என்றேன். ஒருத்தியும் காலை அகற்றவில்லை.

விசிலை ஊதினேன்.

வீட்டுக்குள்ளிருந்து கறுப்பன் வரும் சத்தம் கேட்டது. இழுத்து இழுத்து நடக்கும் அந்தக் கால் சத்தம். கறுப்பு நிழலாக வரிசைக்குள் புகுந்தான். பாவாடைகளுக்குள், கால்களுக்குள், இந்தப் பக்கம் ஒருத்தியையும் தொடாமல், அந்தப் பக்கம் ஒருத்தியையும் விலக்காமல், நேர்கோடாக. பிறகு ஓரிடத்தில் டக்கென்று வளைந்தான். அங்கே பிள்ளைகள் யாருமில்லை, வெறும் இடம். அதைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தான்.

அதுதான் கிணறு.

அவன் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே வீட்டுக்குள் வந்து சேர்ந்தேன். கறுப்பன் கடந்து போனால் இல்லை. கறுப்பன் நின்றால், ஒதுங்கினால், இருக்கிறது. கபடியில் தொட்டால்தானே அவுட். இனி நடுவர் இவன்தான்.

ஆகஸ்ட் 21, வியாழன்

நடுவர் வந்த பிறகு பயம் பாதி போய்விட்டது. மஞ்சள் சேலைக்காரி வந்தால் இப்போதெல்லாம் நானே பேச்சுக் கொடுக்கிறேன். "வா, உக்காரு. இன்னைக்கும் அதே சேலைதானா? மாத்த மாட்டியா?" என்கிறேன். யாரிடமும் சொல்ல முடியாததை அவளிடம் சொல்லலாம். ஜோதிமணி மாதிரி பூனாவுக்குப் போன் போட மாட்டாள்.

வா, உக்காரு என்று என் வாயிலிருந்தே வந்ததை இப்போது எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

அசிங்கம். தெருமுனையில் ஒரு வெள்ளை மாடு குறுக்கே நின்றது. கறுப்பனை வீட்டில் விட்டுவிட்டுக் கடைக்குக் கிளம்பியிருந்தேன். மாட்டு மேல் ஜிகினாத் துணி, கொம்பில் மணி. மணிச் சத்தம் கேட்கவில்லை, அதனால் பொய் என்று நினைத்து நேராக நடந்துவிட்டேன். மாடு நிஜம். ஜிகினாவும் மணியும் மட்டும்தான் பொய். முட்டித் தள்ளிவிட்டது.

முழங்கை சிராய்ப்பு, இடுப்பில் அடி. ஜோதிமணிதான் தூக்கி வந்தாள்.

"ஏனுங் டீச்சர், அவ்வளவு பெரிய மாடு நிக்கறது தெரியலீங்களா?" என்று கேட்டாள். குரலில் அழுகை.

"வேற ரோசனைல போயிட்டேன்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஜோதிமணி ஒன்றும் சொல்லவில்லையென்றால் என்னமோ செய்யப் போகிறாள் என்று அர்த்தம்.

செப்டம்பர் 6, சனி

சோறு குழைந்துவிட்டது. கறுப்பனுக்குக் கொண்டாட்டம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

*இதை எழுதுவது சுகந்தி. அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். ஒரு வார்த்தையும் மாற்றக் கூடாது என்று உத்தரவு.*

இன்று மத்தியானம் கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கதவு திறந்துதான் கிடந்தது. நிமிர்ந்தால், முன்வாசலுக்கு உள்ளே ஒருத்தி நிற்கிறாள். நீல நிற உடுப்பு, பக்கத்தில் ஒரு பை. புது ஆள். மஞ்சள் சேலைக்காரி மாதிரி துலக்கமாக இல்லை, கலங்கலாக இருந்தாள். சரி, வரவர இவர்களும் மங்க ஆரம்பித்துவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். அவளும் ஒன்றும் பேசவில்லை.

"புதுசா வந்திருக்கியா? வா, உக்காரு" என்றேன். "மஞ்சச் சேலைக்காரி இன்னும் வரல."

நின்றுகொண்டே இருந்தாள். நான் பாட்டுக்குக் கீரையை ஆய்ந்துகொண்டு பேசினேன். இடுப்பு வலி, மனசு வேறு சரியில்லை, யாரிடமாவது கொட்டவேண்டும்போல் இருந்தது. கொட்டிவிட்டேன். எனக்குக் கண் சுத்தமாகத் தெரியவில்லை என்றேன். ஒரு வருஷமாகவே இப்படித்தான், பல்பு மேலும் பேப்பர்காரன் மேலும் பழியைப் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்றேன். கயிறு நாய்க்கில்லை, எனக்கு என்றேன். இல்லாத ஆட்களெல்லாம் தெரிகிறார்கள், உன்னை மாதிரி. சின்னம்மாவுக்கு வந்த பைத்தியம் எனக்கும் வந்துவிட்டது என்றேன்.

"பயமா இருக்குது, தெரியுமா? பகல்லயே பயமா இருக்குது. எம்பொண்ணுகிட்ட மட்டும் மூச்சு விட்றாத. அவளுக்குத் தெரிஞ்சா என்னையத் தூக்கிட்டுப் போயிருவா. அவளுக்கு நான் பாரமா இருக்க மாட்டேன். இவனையும் விட மாட்டேன். இவனை ஒருக்கா வுட்டுட்டுப் போனவங்க போதும்."

அப்போது கறுப்பன் சமையலறைச் சாக்கிலிருந்து எழுந்து வந்தான். தினம் இந்த நேரத்துக்கு முன்வாசல் மிதியடிக்குப் போய்ப் படுப்பான். அவள் அவன் பாதையிலேயே நின்றிருந்தாள். கடந்து போவான் என்று கீரையில் கண்ணாக இருந்தேன்.

கால் சத்தம் நின்றுவிட்டது.

நான் கையிலிருந்த கொத்தைக் கீழே வைத்தேன். கறுப்பன் மோப்பம் பிடிக்கிறான். கீழேயிருந்து மேலே, நிதானமாக. பிறகு அவன் வால் அந்தப் பையில் அடிக்கிற சத்தம் கேட்டது. டப், டப், டப்.

"யாரு?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அம்மா" என்றாள்.

*சுகந்தி: இதை மட்டும் நான் சேர்க்கிறேன். ஜோதிமணி அக்கா போன் செய்து அழுததும் சொல்லாமல் கிளம்பி வந்தேன். உள்ளே நுழைந்தேன். அம்மா நேராக என் முகத்தைப் பார்த்தது. சிரிக்கும், திட்டும் என்று நின்றேன். யாரோ ஊர்பேர் தெரியாதவளைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டது. அப்புறம் பேச ஆரம்பித்தது. இந்த நாய் வந்து என் காலில் மூக்கை வைக்காவிட்டால் எனக்குக் குரலே வந்திருக்காது.*

என்ன கிறுக்குகிறாள் இவ்வளவு நேரம்? நான் சொன்னதை மட்டும் எழுதச் சொன்னேன். போதும், மூடி வை.

செப்டம்பர் 17, புதன்

*சுகந்தி எழுதுகிறேன், அம்மா சொல்லச் சொல்ல.*

கோயமுத்தூரில் பெரிய கண் ஆஸ்பத்திரி. இரண்டு கண்ணிலும் புரை முற்றிப் பழுத்துவிட்டதாம். சின்ன வயது டாக்டரம்மா. என்னென்னவோ வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, சாவகாசமாக ஒன்று கேட்டாள்: "அம்மா, இல்லாத ஆளுங்க யாராவது தெரியறாங்களா? குழந்தைங்க, பூப்போட்ட துணி, குட்டி குட்டி மனுஷங்க, இப்படி?"

சுகந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்கம்மா. கண்ணுலருந்து சேதி வராதப்ப மூளை சும்மா இருக்காது, தானா ஒரு படம் போட்டுக்கும். நிறைய பேருக்கு வருது. பைத்தியம்னு சொல்லிருவாங்களோன்னு வெளிய சொல்றதில்ல. அவ்வளவுதான். ஆபரேஷன் பண்ணினா பெரும்பாலும் போயிரும்."

மஞ்சள் சேலை என்றேன். அரக்குக் கரை என்றேன். அத்தனையும் சொன்னேன். அந்தப் பெண் சிரிக்காமல் கேட்டுக்கொண்டாள்.

"எங்க சின்னம்மாவுக்குக் கண்ணுல பால் ஊத்தின மாதிரி இருக்கும்" என்றேன்.

"அப்ப அவங்களுக்கும் இதுவாத்தான் இருந்திருக்கும்" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. வெளியே வந்து ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து அழுதேன். வாய்விட்டு அழுதேன், போகிற வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று. சின்னம்மாவுக்குப் பைத்தியம் இல்லை. கண் தெரியவில்லை. அவ்வளவுதான். அதற்குப் போய் வேப்பிலையால் அடித்தார்களே.

அக்டோபர் 3, வெள்ளி

நானே எழுதுகிறேன். ஒரு கண் ஆகிவிட்டது. இன்னொன்று தீபாவளிக்குப் பிறகு. டைரியில் கோடு நன்றாகத்தான் போட்டிருக்கிறார்கள். ஜூன் மாதப் பக்கங்களைப் பார்த்தேன். கோட்டுக்குக் கோடு தாவிக் கிடக்கிறது என் எழுத்து. ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை பரவாயில்லை.

பிரம்பு நாற்காலி காலியாக இருக்கிறது. மத்தியானம் ஆனால் பழக்கத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். இல்லை. கொஞ்சம் வெறிச்சென்றுதான் இருக்கிறது. சுகந்தி, "நீ இங்கயே இரும்மா. நான் வந்து வந்து போறேன்" என்று சொல்லிவிட்டாள். கயிற்றை அவிழ்க்கப் போனாள்; கிடக்கட்டும் என்றேன்.

கட்டு பிரித்து வீட்டுக்கு வந்த அன்று வாசலில் ஒரு செவலை நாய் நின்றது. மண் நிறம். முகம் மட்டும் நரைத்து வெளுத்திருந்தது. யார் வீட்டு நாய் உள்ளே வந்தது என்று அதட்ட வாயெடுத்தேன். ஒரு காலை இழுத்து இழுத்து வந்து என் செருப்பின் மேல் தாடையை வைத்தது.

ஜோதிமணி மதிலில் தொங்கிக்கொண்டு சிரிக்கிறாள், கண்ணில் தண்ணீர் வழிய. "ஏனுங் டீச்சர், உங்க கறுப்பன் எப்படி, நல்ல கறுப்புங்களா?"

"எனக்குக் கறுப்பன்தான். உனக்கென்ன?" என்றேன்.

சற்று முன் சொட்டு மருந்து விட உட்கார்ந்தேன். கட்டைவிரல் தானாக அவன் கண்ணுக்கு மேல் எலும்புக்குப் போய்விட்டது. குனிந்து பார்த்தேன். இத்தனை மாதமாகத் தினம் மருந்து விட்ட கண்ணை இப்போதுதான் பார்க்கிறேன். பால் ஊற்றின மாதிரி வெள்ளை. இதே கண்தான். பின்கட்டு ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து "வா, உக்காரு" என்று யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தது இதே கண்தான். யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று சின்னம்மாவுக்குச் சொல்ல அந்த அறையில் ஒரு நாய்கூட இல்லை.

கறுப்பன் மூச்சு விடாமல் நிற்கிறான். டைரியை மூடி வைத்துவிட்டு மருந்து விட வேண்டும்.